தெற்கிலிருந்து திரும்பிய காற்று

எடப்புளி நாடு, கொல்லிமலை
விக்கிரம வருஷம், கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை

மொட்டையா, என் சாமி, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பெரியசாமியைக் கும்பிட்டுக்கொண்டு உன் அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி பாப்பாயியும் மாப்பிள்ளை சின்னானும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உங்கப்பன் போன சேதிக்கு நீ போட்ட பதில் கடுதாசி வந்தது. சேந்தமங்கலத்துக் கடைக்காரர் ராசப்பன் மிளகுச் சுமைக்காரர்களிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், பகல் முழுக்க ஆயிற்று, பிறகு அடுப்பை மூட்டிவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன். லீவு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் பூனாவிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் காரியமெல்லாம் முடிந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். அதற்காக மனசை அறுத்துக்கொள்ளாதே. மகன் செய்ய வேண்டியதை உன் சித்தப்பன் மகன் நின்று செய்தான், ஊரில் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வெள்ளைக்கார அம்மா மலையில் பள்ளிக்கூடம் வைத்திருந்தபோது கொஞ்ச நாள் மணலில் விரலால் எழுதியதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு, பொறுத்துப் படி.

இந்தக் கடுதாசியை இப்படி அவசரமாக எழுதுவது பயத்தினால்தான் சாமி. முந்தாநாள் பிடித்துக் காற்று செத்துக் கிடக்கிறது. கார்த்திகையில் கம்பளி கேட்க வேண்டிய மலையில் உட்கார்ந்த இடத்தில் வியர்க்கிறது. கிழக்கே மேகம் சீப்பால் வாரிவிட்டது போல நீள நீளமாக இழுத்துக் கிடக்கிறது. அந்தியில் வானம் புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடமாக ஆகிறது, அந்த நேரத்தில் என் கையைப் பார்த்தால் எனக்கே வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. ஐப்பசியில் உங்கப்பனைக் கொண்டுபோன அந்தப் புயல் வருவதற்கு முன்னாலும் இதே மாதிரிதான் இருந்தது. நேற்று மேலே ஏறி வந்த சுமைக்காரர்கள் நாகப்பட்டணத்துத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம், ரயில்காரர்கள் பேசிக்கொண்டார்களாம் என்று சொன்னார்கள். கப்பலுக்குக் கூண்டு ஏற்றுகிறார்கள், நம்ம மலைக்கு யார் ஏற்றுவார்கள். உன் தங்கச்சிக்கு இது நிறைமாசம்.

இந்த வருஷம் எல்லாமே கெட்ட வருஷம். ஆடியில் மேற்கே இருந்து வர வேண்டிய சாரல் வரவே இல்லை. மேல்காத்து வீசியது, ஆனால் வெறும் காற்று, சாமைப் பயிர் முழங்காலுக்கு வளராமல் கணுக்காலோடு நின்றது. அப்போதுதான் உங்கப்பன் நீ சித்திரையில் வந்தபோது பேசியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். நீ என்ன சொன்னாய், கிழக்கே நம்ம கடலைத் தாண்டி, சீமைகளைத் தாண்டி, இன்னும் பெரிய கடல் ஒன்று கிடக்கிறது, அங்கே ஒரு பக்கம் காற்று கனத்தால் இன்னொரு பக்கம் இளகும், தராசுத் தட்டு மாதிரி, அந்தத் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நம்ம ஊரில் ஆடி மழை தப்புவதும் ஐப்பசி மழை கொட்டுவதும் என்று உன் மழைக்கணக்கு ஆபீசுப் பெரியவர்கள் பேசிக்கொள்வதாகச் சொன்னாய். நீ தினம் காலையில் ஊதி மேலே விடுகிற பலூனை அவர்கள் தூரக்கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்த்து, மேலே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போடுவார்கள் என்றாய். உங்கப்பன் அப்போது சிரித்தார். ஏண்டா, எங்கியோ கெடக்குற கடல்ல காத்து கனத்தா எங்கூட்டுச் சாமை காயுமாக்கும், அந்தக் கடலுக்கு எம்பேரு தெரியுமான்னு கேளு என்றார். ஆனால் ஆடி காய்ந்த பிறகு சிரிக்கவில்லை. பையன் சொன்னது ஒண்ணு நடந்துருச்சு, ஐப்பசியில கொட்டும்ன்னானே, அதையும் பாக்கோணும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாரிடமும் எம்பையன் சொன்னான் எம்பையன் சொன்னான் என்று பெருமை வேறு.

அந்த நாளை நீ முழுசாகக் கேட்டிருந்தாய். கடைக்காரர் சுருக்கமாகத்தான் எழுதினாராம், நீ விவரம் கேட்டிருக்கிறாய், நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது. விடிந்ததிலிருந்து வாடை வீசியது. நமக்குத்தான் தெரியுமே, ஐப்பசியில் எந்த மழை வந்தாலும் வடக்கே இருந்துதான் அடிக்கும், அதற்குத்தான் வீட்டுக்கெல்லாம் வடக்குப் பக்கம் கல் சுவரும் தெற்குப் பக்கம் வாசலும் வைத்திருக்கிறோம். அன்றைக்கு அடித்தது மழையில்லை, யாரோ மலையைப் பிடித்து உலுக்கிய மாதிரி. பலாமரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது. மேலக்காட்டு மிளகுக் கொடியெல்லாம் மரத்தோடு போய்விட்டது. நாங்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டி ஒரு நேரத்தில் சட்டென்று நின்றது. மழையும் நின்றது, காற்றும் நின்றது, வெளியே வந்து பார்த்தால் தலைக்கு மேலே மேகம் வெளுத்திருந்தது, கொஞ்சம் வெயில்கூடத் தெரிந்தது. நம்ம ஊர் வழக்கப்படி காற்று விழுந்தால் யாரும் வீட்டில் இருப்பதில்லை, வடக்குக் களத்தில் நனைந்து கிடக்கிற அறுத்த கதிரை அள்ளித் தெற்குச் சரிவுக் கொட்டாயில் கொண்டுபோய்ப் போட வேண்டும், கன்றுகளையும் அங்கேதான் கட்டுவார்கள். தெற்குச் சரிவில் வாடை எட்டாது. உங்கப்பன் வாசலில் நின்று மேலே பார்த்துச் சிரித்தார். இதுதான்டீ அவன் சொன்ன நடு, புயலுக்கு நடுவுல ஒரு சும்மா எடம் இருக்கும், அது தாண்டுன பொறவு மறுக்காக் காத்து வரும்ன்னான், வாடை திரும்பறதுக்குள்ள கதிரைத் தெக்கே சேத்திடோணும், மாப்ளே வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். அவருக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை. தன் மகன் சொன்னது பலித்துவிட்டது என்ற சந்தோஷம்தான் முகத்தில்.

உன்னிடம் அவர் காதில் வாங்கியது அவ்வளவுதான். சித்திரையில் நீ பானைத் தண்ணீரைக் கரண்டியால் சுற்றி, அதில் வேப்பிலையைப் போட்டுக் காட்டினாயே, அப்போது பாதியில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது என்று எழுந்து போனவர் திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்கவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நடு தாண்டிய பிறகு காற்று நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்பது உன் கடுதாசியைப் படித்த பிறகுதான் எனக்கே தெரியும். தெற்கே இருந்து அப்படி ஒரு காற்று வரும் என்று இந்த மலையில் பிறந்த ஒருத்தரும் நினைக்கமாட்டோம். தெற்குக் காற்று என்றால் மாசி பங்குனியில் முகத்தைத் தடவிக்கொண்டு போகிற காற்று, குழந்தையை அதில் போட்டுத் தூங்கவைப்போம். அன்றைக்கு அது வந்தது சாமி. கொட்டாய்க்கு வடக்கே கல் சுவர், தெற்கே திறப்பு, அந்தத் திறந்த வாய்க்குள்ளேயே புகுந்து கூரையைத் தூக்கிவிட்டது. அதோடு மழையும் திரும்பிக் கொட்டி, மேலே இருந்த மண்சரிவு கல் சுவரைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டது. சின்னான் கன்றுக்குட்டியை அவிழ்க்க ஓரத்துக்குப் போயிருந்ததால் தப்பினான், அவன் வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. உங்கப்பனை மறுநாள் எடுத்தோம். முகத்தில் காயம் இல்லை, இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சரிவின் ஓரத்தில் இருந்த பேறுகாலக் குடிசையும் அதோடு போய்விட்டது.

உன் கடுதாசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், நான் முழுசாகச் சொல்லியிருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று. இன்னொரு தடவை அப்படி எழுதாதே. மாடு அறுத்துக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய். எனக்கு உன்மேல் ஒரு துளி வருத்தமும் இல்லை. என் பயமே வேறு. முன்னெல்லாம் மழை தப்பினால் எட்டுக்கையம்மாளுக்குப் பொங்கல் வைப்போம், காற்று அடித்தால் பெரியசாமிக்குச் சேவல் நேர்ந்துகொள்வோம், அவர்கள் இந்த மலையில் இருக்கிறவர்கள், நம்ம முகம் தெரிந்தவர்கள், கோபித்தாலும் என்ன குற்றம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீ சொல்கிற கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அங்கே தட்டு சாய்ந்ததில் நாம் செய்த குற்றம் ஒன்றுமில்லை, அது நிமிர்வதற்கு நாம் செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. எவனோ ஒருத்தன் ஆத்திரத்தில் அடித்தான் என்றால் காலில் விழலாம், ஆத்திரமே இல்லாமல் அடிக்கிறதன் காலை எங்கே தேடுவது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், நன்றாகக் கேள். பாப்பாயிக்கு வயிறு இறங்கிவிட்டது, மருத்துவச்சி மாதம்மாள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு இன்றைக்கோ நாளைக்கோ என்கிறாள். கீழே கொண்டுபோகலாம் என்றால் பாதை ஓடையோடு போய்விட்டது, சுமைக்காரர்கள் காட்டுக்குள் சுற்றி வேரைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள், நிறைமாசக்காரியை எப்படித் தூக்குவது. வீட்டுக்குள் பெற வைக்கலாம் என்று நான் சொன்னேன். பெரியசாமியின் பூசைக் கூடை இருக்கிற வீட்டில் தீட்டு ஆகாது என்று ஊர்க்கவுண்டர் குப்புசாமி சொல்லிவிட்டார், நீயும் உன் தங்கச்சியும் அந்தச் சரிவுக் குடிசையில் பிறந்தவர்கள்தானே, அதில் நான் எதிர்த்துப் பேச முடியவில்லை. புதுக் குடிசையைப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே தெற்குச் சரிவில் போடச் சொன்னார். அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை, ஆண்கள் எல்லாரும் இருக்கும்போதே, தெக்கே வேண்டாமுங்க, காத்து இன்னொரு தடவை தெக்கே இருந்து திரும்புமுங்க, எம்பையன் எழுதியிருக்கான் என்று சொல்லிவிட்டேன். கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏனம்மிணி, பூனாவுல குந்திக்கிட்டு உம்பையன் நம்ம காத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டானாக்கும் என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் விடவில்லை. கயிறு போடலீங்க, அது எந்தப் பக்கம் திரும்பும்ன்னு சொல்லியிருக்கான், எங்கூட்டுக்காரரு பாதி கேட்டுட்டுப் போனதுல போயிட்டாருங்க, மீதியையாவது நீங்க கேளுங்க என்றேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மாதம்மாள் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, காத்து எந்தப் பக்கம் வந்தா என்ன, கொழந்தை வார பக்கம் ஒண்ணுதான், எனக்கு நனையாத ஒரு பாய் அகலம் இருந்தாப் போதும், சட்டுன்னு முடிவு பண்ணுங்க என்றாள். பயந்துபோய்க் கிடந்த பாப்பாயிகூட அதைக் கேட்டுச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கவுண்டர் கெட்டவர் இல்லை. நீ அப்படி நினைத்துக்கொள்ளாதே. உங்கப்பனை மண்ணிலிருந்து எடுத்தபோது முதலில் கையைப் போட்டவர் அவர்தான். கடைசியில் அவரே, சரி, நானும் அன்னைக்குத் தெக்கேதான் பத்திரம்ன்னு சொன்னவன், இன்னொரு தடவை எம்பேச்சைக் கேட்டு ஒரு உசிரு போகக்கூடாது, உம்பையன் எழுதுனதைப் படிச்சவ நீதான், எடத்தை நீயே சொல்லு அம்மிணி, மூங்கிலும் ஆளும் நான் தாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று அந்தியில் சொன்னது. அதிலிருந்து ஊரே என் வாயைப் பார்க்கிறது. நான் கேட்டு வாங்கிய பயம் இது.

நம்ம ஊரின் கிடப்பு உனக்குத் தெரியும். கிழக்கே பள்ளம், நிற்க இடமில்லை. மேற்கே கோயில் சோலை, அதற்குள் தீட்டுப் போகக்கூடாது. மிச்சம் வடக்கும் தெற்கும்தான். வடக்குக் களத்துக்கு மேலே சரிவில் ஐப்பசி மழையில் ஒரு பிளவு விட்டிருக்கிறது, சின்னான் போய்ப் பார்த்துவிட்டுக் கை நுழைகிற அகலம் என்றான், வாடையோடு மழை அடித்தால் அது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெற்கே இறங்கியது போக மண் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அன்றைக்கு மாதிரி தெற்குக் காற்று வந்தால் குடிசை ஒரு நொடி நிற்காது. நீ எழுதியிருந்தாய், புயலின் நடு நமக்குத் தெற்கே போனால் காற்று கிழக்கே இருந்து அடிக்கும், வடக்கே போனால் மேற்கே இருந்து அடிக்கும், நேரே நம்ம மேலேயே போனால் முதலில் வாடை, பிறகு தெற்கே இருந்து திரும்பும் என்று. மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். தெரியாமல் இருந்தபோது ஒரு பக்கம் பார்த்துப் பயந்தேன், இப்போது நாலு பக்கமும் பார்த்துப் பயப்படுகிறேன். அந்த நடு எங்கே போகும் என்பதுதான் உன் கடுதாசியில் இல்லை. உன் ஆபீசுக்காரர்களுக்கே கரைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று நீ எழுதிய வரியையும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த வரியில் இருக்குமோ என்று தேடினேன், அடுத்த வரியில் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருந்தது.

வேறு சேதி, மயிலைப் பசு பிழைத்துக்கொண்டது, கன்று போய்விட்டது, அது களத்தோரம் நின்று கத்துவதைக் கேட்க முடியவில்லை. உன் சித்தப்பன் வீட்டில் கூரை மறுபடி வேய்ந்தாயிற்று. சாமை கொஞ்சம் தேறியது, கேழ்வரகு வந்தால் தையைத் தாண்டிவிடுவோம், அதற்காக நீ உன் வயிற்றைக் கட்டி எதுவும் அனுப்ப வேண்டாம். அங்கே குளிருக்கு வெறும் தரையில் படுக்காதே. பலூனுக்கு அடைக்கிற அந்தக் காற்று நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்று நீயே சொன்னாய், பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் நீ எழுந்து தள்ளிப் போ, வேலை போனாலும் பரவாயில்லை. அப்பாவை நினைத்து ராத்திரி தனியாக உட்கார்ந்திருக்காதே, உன் அறைக்காரப் பையன்களோடு பேசிக்கொண்டிரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே, உனக்குச் சூட்டு உடம்பு.

பெரியசாமி உன் முன்னும் பின்னும் நிற்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், உனக்கு ஒரு நல்ல பெண் வர வேண்டும், உங்கப்பன் பார்க்காமல் போனதையெல்லாம் நான் பார்த்துக் கண்ணை மூட வேண்டும். சுமைக்காரர்கள் கீழே இறங்கக் காத்திருக்கிறார்கள், மேகம் கூடுவதற்குள் இறங்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். இது உன் கைக்கு வரும்போது இங்கே என்ன நடந்திருந்தாலும் நடந்து முடிந்திருக்கும், அது எனக்குத் தெரியும், இருந்தாலும் எனக்குப் பதில் எழுத மறக்காதே, எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ஆயம்மாள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மடிப்பதற்குள் மரக்கிளை அசைகிற சத்தம் கேட்டு வெளியே போய்ப் பார்த்தேன், இலை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் திரும்பிவிட்டு நின்றுவிட்டது. பாப்பாயி வலி எடுக்கிறது என்று உள்ளே முனகுகிறாள். சின்னான் ஒற்றைக் கையால் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு கவுண்டர் அனுப்பிய ஆட்களோடு வந்து நிற்கிறான். அத்தே, வடக்கயா தெக்கயா, சீக்கிரம் சொல்லுங்க என்கிறான். நான் எந்தப் பக்கம் கையைக் காட்டட்டும், சாமி?